நோட்டீஸ் அடிக்க வருவதற்கு முன்பே

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் சென்ற வாரம் ஒரு வேண்டுகோள் வந்திருந்தது. சிறுநீரகம் பழுதடைந்த இளைஞர் ஒருவரின் படம், தேவைப்படும் தொகை, மனைவியின் வங்கிக் கணக்கு எண், கைபேசி எண். அதைப் படித்தபோது, அந்தச் சிகிச்சை அரசின் காப்பீட்டுத் திட்டத்தில் வருமா, வராதா என்று சொல்லும் ஒரே ஒரு வரியை என் கண் தேடியது. அந்த வரி அதில் இல்லை. இதுபோன்ற வேண்டுகோள்கள் எதிலும் அது இருப்பதில்லை. அந்த வரியைப் பற்றித்தான் எழுதுகிறேன். கடிதம் நீண்டுவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தக்கலை பஸ் நிலையத்துக்குச் சற்றுத் தள்ளி 19 ஆண்டுகளாக நகல் கடை நடத்துகிறேன். ஜெராக்ஸ், தட்டச்சு, லேமினேஷன், கல்யாண அழைப்பிதழ், இரங்கல் சுவரொட்டி எல்லாம் உண்டு. தாலுகா அலுவலகத்துக்கு வருகிறவர்களுக்கு மனு எழுதிக் கொடுப்பதும் என் வேலைதான். மருத்துவ உதவி கேட்டு நோட்டீஸ் அடிக்க வருகிறவர்கள் ஆரம்பத்தில் ஆண்டுக்கு இரண்டு பேரோ மூன்று பேரோ இருப்பார்கள். அரைத்தாளில் கறுப்பு வெள்ளையில் அடித்துக் கொடுப்பேன். கோயில் வாசலிலும் பள்ளிவாசல் முன்பும் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வருகிறவர்களிடமும் கொடுப்பார்கள். குலசேகரம் பஸ்ஸில் ஏறி, உட்கார்ந்திருப்பவர்களின் மடி மடியாக வைத்துவிட்டுப் போய், திரும்ப வந்து எடுத்துக்கொள்வார்கள். இப்போது தாளே தேவையில்லை. வண்ணப் படத்தோடு, பணம் அனுப்பும் கட்டக் குறியீட்டோடு (கியூஆர் கோடு) கைபேசிக்கென்றே செய்து கேட்கிறார்கள். நான் அனுப்பிய ஒரு மணி நேரத்தில் அது மஸ்கட்டிலும் தம்மாமிலும் நம் ஊர்ப் பிள்ளைகளின் கைக்குப் போய்விடுகிறது. சென்ற ஆண்டு மட்டும் 31 நோட்டீஸ்கள் செய்தேன். கணினியில் கோப்புகள் இருப்பதால் எண்ணிச் சொல்கிறேன். இதற்கு வடிவமைப்புக் கூலி வாங்குவதில்லை. தாளுக்கு மட்டும் வாங்குவேன்.

வருகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். மலைப்பக்கத்திலிருந்து வருகிற காலை பஸ்ஸில் இறங்கி, கடை திறக்கும் வரை படியில் உட்கார்ந்திருப்பார்கள். கையில் மருத்துவமனையின் பெயர் அச்சடித்த பிளாஸ்டிக் பை. அதற்குள் ஸ்கேன் படம், ரத்தப் பரிசோதனைச் சீட்டுகள், நான்காக மடித்த ஒரு கடிதம். அந்தக் கடிதத்துக்கு எஸ்டிமேட் என்று பெயர். முழுக்க ஆங்கிலத்தில் இருக்கும். அவர்களுக்கு அதில் புரிவது கடைசியில் இருக்கும் எண் ஒன்றுதான். அந்த எண்ணை விரலால் தொட்டுக் காட்டுவார்கள்.

கடந்த ஆண்டு ஆனி மாதம், விடாமல் மழை பெய்துகொண்டிருந்த ஒரு நாள், திருவட்டாறுக்கு அப்பாலிருந்து ஒரு பெண் வந்தார். கணவர் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுத் தொழிலாளி. மழைக்காலத்தில் பால்வெட்டு நடக்காது, கூலியும் கிடையாது. எட்டு வயது மகளுக்கு இருதயத்தில் ஓட்டை. தனியார் மருத்துவமனை ஒன்று 2,85,000 ரூபாய் என்று எழுதிக் கொடுத்திருந்தது. காதிலிருந்த கம்மலை ஏற்கெனவே அடகு வைத்துவிட்டார். துளை தூர்ந்துவிடாமல் இருக்க இரண்டு காதிலும் துடைப்பக் குச்சியை ஒடித்துச் செருகியிருந்தார்.

“படம் எது போட வேண்டும் அக்கா?” என்று கேட்டார். கைபேசியில் இரண்டு படங்கள் இருந்தன. ஒன்று பள்ளி ஆண்டு விழாவில் பாவாடை சட்டையில் சிரித்துக்கொண்டிருப்பது. மற்றொன்று மூக்கில் குழாயோடு கட்டிலில் கிடப்பது. எது போட்டால் பணம் வரும் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இரண்டாவதைத்தான் போட்டோம். அந்தப் பிள்ளையின் வகுப்பில் படிக்கிறவர்கள் வீட்டுக் கைபேசியிலும் அந்தப் படம் வந்திருக்கும். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

பணம் வந்தது. ஐம்பது, நூறு, இருநூறு. ஆறாவது நாள் அந்தப் பெண் ஓடி வந்தார். பணம் அனுப்புகிறவர்களுக்குத் திரும்பி வந்துவிடுகிறதாம், ‘பொய்க் கணக்கா?’ என்று இரண்டு பேர் கைபேசியில் கேட்டுவிட்டார்களாம். வங்கிக்கு அவரோடு நானும் போனேன். அவருடையது முழு ஆவணங்கள் கொடுக்காமல் திறந்த சிறு கணக்கு. அப்படிப்பட்ட கணக்கில் எந்த நேரத்திலும் 50,000 ரூபாய்க்கு மேல் இருப்பு இருக்கக் கூடாது. ஓராண்டில் மொத்த வரவு 1,00,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. மாதம் 10,000 ரூபாய்க்கு மேல் எடுக்கவும் முடியாது. விதி விதிதான், வங்கி ஊழியரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஏழைகள் வைத்திருப்பது பெரும்பாலும் இப்படிப்பட்ட கணக்கு. ஆதாரும் பான் அட்டைக்கான படிவமும் கொடுத்து அதை முழுக் கணக்காக மாற்ற நான்கு வேலை நாட்கள் ஆயின. வேண்டுகோள் சூடாக இருப்பது ஒரு வாரம்தான். அதில் பாதி இப்படிப் போய்விட்டது.

நான்காவது வாரத்தில் 1,94,000 ரூபாய் சேர்ந்தது. இன்னும் 91,000 வேண்டும். இரண்டாவது முறை நோட்டீஸ் போட வந்தபோது, கடையில் நகல் எடுக்க நின்றிருந்த கிராமச் செவிலியர் ஒருவர் அந்தக் கடிதத்தை வாங்கிப் பார்த்தார். “காப்பீட்டு அட்டை இருக்கிறதா?” என்று கேட்டார். இல்லை என்றார் அந்தப் பெண். “இந்த மருத்துவமனை முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் இருக்கிறதே. குழந்தையின் இருதய ஆபரேஷன் அதில் வருமே. பள்ளிக்கூடத்துக்கு வரும் மருத்துவக் குழுவிடமாவது சொன்னீர்களா?” என்றார்.

கடையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் என்ற பெயரை எல்லோரும் கேட்டிருக்கிறோம். 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012இல் இன்றைய பெயருக்கு மாறி, 2018இல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத்தோடு இணைந்தது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கிறது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிகிச்சைகள் அதில் அடங்கும். கணவன், மனைவி, பிள்ளைகள், சார்ந்து வாழும் பெற்றோர் எல்லோரும் உண்டு. அரசு மருத்துவமனை மட்டுமின்றி, பட்டியலில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளும் உண்டு. ஆனால் இதில் முக்கியமானது வரிசை. இது நாம் கட்டிய பணத்தைத் திருப்பித் தரும் திட்டமில்லை. பணம் கட்டாமலே சிகிச்சை பெறுவதற்கான திட்டம். மருத்துவமனைதான் முன்கூட்டியே இணையம் வழியாக அனுமதி கேட்டு வாங்க வேண்டும். கடன் வாங்கியோ ஊரார் தந்ததைச் சேர்த்தோ ரொக்கமாகக் கட்டிவிட்டு, பிறகு அட்டையை எடுத்துக்கொண்டு போனால் பயனில்லை. பிரதமரின் நிவாரண நிதிக்கு எம்.பி. கடிதத்தோடு விண்ணப்பிப்பவர்களும் சிகிச்சைக்கு முன்பே அனுப்பிவிட வேண்டும்.

அந்தப் பெண் வரிசையின் கடைசியில் செய்ய வேண்டியதை முதலில் செய்திருந்தார். அவர் மீது என்ன தவறு? அவருக்கு எஸ்டிமேட் கொடுத்த மேசையும், அதே கட்டடத்தில் காப்பீட்டுத் திட்டத்துக்கென்று போட்டிருந்த மேசையும் ஒரே வராந்தாவில் இருந்தன. அடுத்த வாரம் நானும் கூடப் போனேன், என் கண்ணால் பார்த்தேன். ஒரு மேசையிலிருந்து எழுந்து பத்துப் பன்னிரண்டு அடி நடந்தால் மற்றதன் முன் நிற்கலாம். அந்தப் பன்னிரண்டு அடியை நடந்து பாருங்கள் என்று யாரும் சொல்லவில்லை. ஆறு வாரங்கள், ஒரு கம்மல், நோயாளிக் குழந்தையின் படம் ஊரெல்லாம் சுற்றியது எல்லாமே அந்தப் பன்னிரண்டு அடிக்காக.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று வாங்கி, குடும்ப அட்டையும் ஆதாருமாக நாகர்கோவில் ஆட்சியர் அலுவலகத்தில் இருக்கும் காப்பீட்டு மையத்துக்குப் போனார்கள். படம் எடுத்து, கைரேகை வாங்கி, அன்றைக்கே அட்டை எண்ணைத் தந்துவிட்டார்கள். அங்கிருந்தவர்கள் நன்றாகத்தான் நடந்துகொண்டார்கள் என்று அந்தப் பெண்ணே சொன்னார். ஒன்பது நாளில் அனுமதி வந்தது. அதே மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சை நடந்தது. பிள்ளை இப்போது பள்ளிக்குப் போகிறாள்.

இதற்குப் பிறகுதான் அந்தப் பெண் என் கடைக்கு ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வந்தார். நாற்பது பக்க நோட்டு. பணம் அனுப்பியவர்களின் பெயர், ஊர், தொகை எல்லாவற்றையும் வரிசையாக எழுதி வைத்திருந்தார். பெயர் தெரியாத இடத்தில் ‘வடசேரி, பழக்கடை’, ‘குவைத், கருங்கல்காரர்’ என்று எழுதியிருந்தார். நம் மாவட்டத்தில் கல்யாண வீட்டில் சுருள் எழுதுகிற பழக்கம் எல்லோருக்கும் தெரியும். யார் எவ்வளவு வைத்தார்கள் என்று நோட்டில் எழுதி, அவர்கள் வீட்டு விசேஷத்துக்கு அதைத் திருப்பி வைக்க வேண்டும். வைக்காமல் விட்டால் அது குறை. அந்தக் கணக்கில்தான் அவரும் எழுதி வைத்திருந்தார். “இத்தனை பேருக்கும் எப்படி அக்கா திருப்பி வைப்பேன்? இவர்கள் வீட்டு விசேஷம் எனக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. 600 பேருக்கு மேல் இருந்தார்கள்.

மிச்சப் பணத்தை என்ன செய்வது என்றும் கேட்டார். பஸ் செலவு, தங்கியிருந்த அறை, ஆபரேஷனுக்குப் பிறகு வாங்க வேண்டிய மருந்து, கணவர் வேலைக்குப் போகாத நாட்கள் என்று கொஞ்சம் போயிருந்தது. மீதி 1,30,000 ரூபாயை என்ன செய்தார் என்பதை அவர் அனுமதியோடு எழுதுகிறேன். ஊர்ப் பெரியவர்கள் மூன்று பேர் முன்னிலையில், டயாலிசிஸ் செய்துகொண்டிருக்கும் இன்னொரு தொழிலாளியின் மருத்துவமனைக் கணக்கில் நேராகக் கட்டினார். ரசீதைப் படமெடுத்து, கணக்கை எழுதி, முதல் நோட்டீஸ் போன எல்லாக் குழுக்களுக்கும் அனுப்பச் சொன்னார். அதில் சிரிக்கிற பிள்ளையின் படத்தைப் போட்டோம். என் 19 ஆண்டுத் தொழிலில் முடிவுக் கணக்கு நோட்டீஸ் செய்தது அது ஒன்றுதான்.

உதவி செய்கிறவர்களையோ உதவி கேட்கிறவர்களையோ நான் குறை சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நம் மாவட்டம் கொடுக்கிற மாவட்டம். தென்மேற்குக் கரையில் கடலுக்குப் போன ஒருவருக்கு ஏதாவது என்றால் ஊரே கூடிவிடும். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்தபோது அதைக் கண்ணால் பார்த்தோம். கண்ணூர் மாவட்டத்தில் ஒரு குழந்தையின் அரிய தசைநோய்க்கு ஒரே ஊசிக்காக 18 கோடி ரூபாய் தேவைப்பட்டபோது, 2021இல், சில நாட்களிலேயே மக்கள் அதைச் சேர்த்துக் கொடுத்தார்கள். நம் வீடுகளில் மலையாளத் தொலைக்காட்சி ஓடுவதால் அந்தச் செய்தியை அழுதுகொண்டே பார்த்தவர்கள் இங்கும் நிறையப் பேர். அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கையின்படி மத்திய அரசு தரும் உதவி 50 லட்சம் ரூபாய் வரைதான். அப்படிப்பட்ட நோய்க்கு ஊரார் கை தவிர வேறு வழி என்ன இருக்கிறது? அங்கே கேட்பது நியாயம், கொடுப்பது புண்ணியம். அரசு ஏற்கெனவே செலவை ஏற்றுக்கொள்ளும் ஒரு சிகிச்சைக்காக ஒரு தாய் பஸ்ஸில் மடி மடியாக நோட்டீஸ் வைக்க நேர்வதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

என் பாட்டி சொல்லிக் கேட்டது ஒன்று உண்டு. தாத்தாவுக்கு வயிற்றில் குடல்புண். அந்தக் காலத்தில் மரச்சீனிக் கிழங்கை (மரவள்ளி) மட்டுமே தின்று வாழ்ந்த நம் பக்கத்து ஏழைகளிடம் அது பரவலாக இருந்தது. நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில் சோமர்வெல் துரை ஆபரேஷன் செய்தார் என்பார். எவரெஸ்ட் சிகரம் ஏறும் குழுவில் 1922இல் வந்த இங்கிலாந்து மருத்துவர் அவர். நெய்யூரைப் பார்க்க வந்த இடத்தில் ஒரே ஓர் அறுவை மருத்துவருக்காகக் காத்துக்கிடந்த கூட்டத்தைக் கண்டு, லண்டன் வேலையை விட்டுவிட்டு இங்கேயே தங்கிவிட்டார். “எவ்வளவு பணம் கட்டினீர்கள்?” என்று பாட்டியிடம் கேட்டால், “முதலில் கட்டிலில் படுக்க வைத்தார்கள் மக்களே, பணம் பிறகுதான் கேட்டார்கள். இரண்டு வாழைக்குலை கொண்டுபோய்க் கொடுத்தோம்” என்பார். காலம் மாறிவிட்டது, செலவும் மாறிவிட்டது, எனக்கும் தெரியும். முதலில் எதைக் கேட்பது என்பது மட்டும் மாறாமல் இருந்திருக்கலாம்.

திருவனந்தபுரம் போகிறவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். புற்றுநோய் என்றால் மண்டலப் புற்றுநோய் மையம், மூளை, இருதயம் என்றால் ஸ்ரீசித்ரா மருத்துவமனை என்று நம் மக்கள் களியக்காவிளை தாண்டிப் போவது தலைமுறைப் பழக்கம். 1956 நவம்பர் 1இல் நாம் தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகும் நோய்க்கு அந்தப் பக்கம்தான். கேரளத்தில் லாட்டரி வருமானத்திலிருந்து ஏழை நோயாளிகளுக்கு உதவும் காருண்யா நிதி 2011 முதல் இருக்கிறது. ஆனால் அது அந்த மாநிலத்தவர்க்கு. நம் அட்டை அங்கே எந்த மருத்துவமனையில், எந்தச் சிகிச்சைக்குச் செல்லும் என்பதைப் புறப்படும் முன்பே 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் கேட்டுக்கொள்ள வேண்டும். 104இல் கேட்டாலும் வழி சொல்வார்கள். இந்த இரண்டு எண்களையும் பெரிதாக அடித்துக் கடைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன்.

இனி எழுதப்போவது என் மனதை அறுத்துக்கொண்டிருக்கும் விஷயம். நான்கு ஆண்டுகளுக்கு முன் கடற்கரைப் பக்கத்திலிருந்து ஒரு தகப்பனார் வந்தார். மகனுக்கு ரத்தப் புற்றுநோய், பதின்மூன்று வயது. நோட்டீஸை நான்தான் செய்தேன். பணமும் வந்தது, சிகிச்சையும் நடந்தது. ஐந்து மாதத்தில் அந்தப் பையன் இறந்துவிட்டான். இரங்கல் சுவரொட்டியையும் நான்தான் அடித்தேன். இரண்டுக்கும் ஒரே படம்.

அவன் இறந்து இரண்டு ஆண்டுகள் ஆன பிறகு, ஒரு நாள் இரவு என் கைபேசிக்கே அந்த நோட்டீஸ் வந்தது. ‘அவசரம், நாளை ஆபரேஷன், பகிருங்கள்’ என்று யாரோ மேலே எழுதியிருந்தார்கள். நான் நோட்டீஸில் தேதி போடவில்லை. போட வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. தேதி இல்லாததால் அது சாகாமல் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அடுத்த வாரம் அந்தத் தகப்பனாரைப் பார்க்கப் போனேன். வெளிநாட்டிலிருந்து இன்னும் நடு இரவில் அழைப்பு வருவதாகவும், “மகன் எப்படி இருக்கிறான்?” என்று கேட்கிறார்கள் என்றும், முதலில் பதில் சொல்லிக்கொண்டிருந்த அவர் மனைவி இப்போது கைபேசியையே தொடுவதில்லை என்றும் சொன்னார். கைபேசியை வாங்கிப் பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது. சுற்றிக்கொண்டிருக்கும் படத்தில் கட்டக் குறியீடு நான் போட்டது இல்லை. யாரோ அதன் மேல் தன் குறியீட்டை ஒட்டியிருக்கிறான். இறந்த பிள்ளையின் முகத்தைக் காட்டி எவனோ காசு வாங்கிக்கொண்டிருக்கிறான். சைபர் குற்றப் பிரிவின் 1930 என்ற எண்ணில் புகார் செய்தோம். ஆனால் எத்தனை குழுக்களில் போய் அழிப்பது?

அன்றிலிருந்து தேதி இல்லாமல் நான் நோட்டீஸ் செய்வதில்லை. ‘இந்த வேண்டுகோள் இந்த நாள் வரை மட்டும்’ என்று பெரிய எழுத்தில், படத்தின் குறுக்கேயே போட்டுவிடுகிறேன். ஓரத்தில் போட்டால் வெட்டிவிடுகிறார்கள். தனிநபர் கணக்குக்குப் பதிலாக, முடிந்தவரை மருத்துவமனையின் கணக்கையும் நோயாளியின் பதிவு எண்ணையும் போடச் சொல்கிறேன். மருத்துவமனைக்கு யுபிஐ மூலம் ஒரே முறையில் 5 லட்சம் ரூபாய் வரை அனுப்பலாம் என்று ரிசர்வ் வங்கி 2023 டிசம்பரிலேயே வரம்பை உயர்த்தியிருக்கிறது. இணையத்தில் நிதி திரட்டித் தரும் தளங்கள் வழியாகப் போகிறவர்களிடம், அவர்கள் பிடித்துக்கொள்ளும் கட்டணம் எவ்வளவு, அதன் மேல் ஜிஎஸ்டி எவ்வளவு, பணம் எத்தனை நாளில் எந்தக் கணக்குக்கு வரும் என்று கையெழுத்துப் போடும் முன் எழுதி வாங்கச் சொல்கிறேன். திரையில் தெரியும் தொகை முழுவதும் கைக்கு வரும் என்று நம்பி, மருத்துவமனையில் நாள் குறித்துவிட்டுத் தவித்த ஒரு குடும்பத்தைப் பார்த்திருக்கிறேன்.

ஆனால் இதெல்லாம் நகல் கடைக்காரி செய்கிற வேலையா? நோட்டீஸ் அடிக்க வருகிறவர்களிடம் இப்போது நான் முதலில் கேட்பது காப்பீட்டு அட்டையைத்தான். சென்ற ஆண்டு வந்த 31 பேரில் 18 பேர் அப்படி ஒன்றைக் கேட்டுப் பார்க்கவே இல்லை. அவர்களில் 7 பேருக்குப் பிறகு திட்டத்திலேயே சிகிச்சை கிடைத்தது. ஒரு கைக்குழந்தைக்கு அட்டை இருந்தும் தாமதம், பெயர் குடும்ப அட்டையில் சேர்க்கப்படவில்லை என்பதால். பிரசவம் முடிந்து வீட்டுக்கு வருகிறவர்களிடம் இதையும் சொல்லி அனுப்பலாம்.

வருமான வரம்பைப் பற்றியும் ஒன்று. 1,20,000 என்றால் மாதம் 10,000. நம் மாவட்டத்தில் ஒரு கொத்தனாரின் நாள் கூலி ஆயிரம் ரூபாயைத் தொட்டுவிட்டது. மாதத்தில் 12 நாள் வேலை கிடைத்தாலே ஆண்டுக்கு 1,44,000. மீதி நாட்கள் மழையிலும் வேலையில்லாமலும் போகும் அந்தக் குடும்பத்தை வசதியானவர்கள் என்று சொல்ல யாருக்கு மனம் வரும்? அவர் உண்மையைச் சொன்னால் அட்டை இல்லை. சான்று கொடுக்கும் கிராம நிர்வாக அலுவலரும் பாவம், எத்தனை முறைதான் கண்ணை மூடிக்கொள்வார்? வரம்பை உயர்த்த வேண்டும். அது சென்னையில் முடிவாக வேண்டியது, நாளாகும்.

நான் கேட்கும் வரிக்கு நாளாகாது. மருத்துவமனைகள் கொடுக்கும் எஸ்டிமேட்டின் அடியில், தமிழில், ஒரு வரி இருக்க வேண்டும். ‘இந்தச் சிகிச்சை முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் வரும்’ அல்லது ‘வராது, காரணம் இது.’ கீழே காப்பீட்டு மேசையில் இருப்பவரின் கையெழுத்து, தேதி. அந்த மருத்துவமனை திட்டத்தில் இல்லையென்றால், இந்தச் சிகிச்சை கிடைக்கும் மிக அருகிலுள்ள மருத்துவமனையின் பெயர். அந்தக் கையெழுத்து இல்லாத எஸ்டிமேட்டை வெளியே கொடுக்கக் கூடாது என்று மாவட்ட ஆட்சியரும் மருத்துவப் பணிகள் இணை இயக்குநரும் ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் போதும். ஒரு முத்திரைக் கட்டை செய்ய என் கடையில் 250 ரூபாய் ஆகும். மாவட்டத்தில் எந்த மருத்துவமனை கேட்டாலும் அதை இலவசமாகச் செய்து தருகிறேன்.

கொடுக்கிறவர்களுக்கும் அது நல்லது. ‘வராது’ என்று கையெழுத்திட்ட தாள் படத்தோடு இருந்தால், இது உண்மையான தேவை என்று நம்பி மனம் நிறையக் கொடுப்பார்கள். பொய்க் குறியீடு ஒட்டுகிறவனுக்கு அந்தத் தாள் கிடைக்காது.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள். நீங்கள் இலவசமாக இடம் ஒதுக்கி இத்தகைய வேண்டுகோள்களை வெளியிடுகிறீர்கள். எத்தனையோ உயிர்கள் அதனால் பிழைத்திருக்கின்றன. இனி வெளியிடும் முன் அந்த வரியைக் கேட்டு வாங்கி, அதையும் சேர்த்து அச்சிடுங்கள். நாளிதழ் கேட்கிறது என்றால் மருத்துவமனை கொடுக்கும். நகல் கடைக்காரி கேட்டால் கொடுப்பதில்லை. ‘நீங்கள் யார்?’ என்று என்னைக் கேட்டிருக்கிறார்கள்.

சென்ற திங்கட்கிழமை காலையில் ஒருவர் வந்தார். மனைவி முந்திரி ஆலையில் வேலை பார்த்தவர், வழுக்கி விழுந்து இடுப்பு மூட்டு உடைந்துவிட்டது. எஸ்டிமேட் 1,60,000 ரூபாய். காப்பீட்டு மேசையைப் பற்றி அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. நோட்டீஸைத் தட்டச்சு செய்தேன், படத்தையும் சேர்த்தேன், ஆனால் அனுப்பவில்லை. வருமானச் சான்றுக்கு மனு எழுதிக் கொடுத்து, என்னென்ன எடுத்துப் போக வேண்டும் என்று ஒரு தாளில் வரிசையாக எழுதி, நாகர்கோவில் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். வியாழக்கிழமை அழைத்துப் பேசினார், சான்று கிடைத்துவிட்டதாம், அட்டைக்குப் போகிறாராம். நோட்டீஸ் இன்னும் என் கணினியில் அவர் மனைவியின் பெயரில் இருக்கிறது. அவர் திரும்பி வந்து வேண்டாம் என்று சொன்னால் அழித்துவிடுவேன்.

இப்படிக்கு,
நகல் கடை நடத்தும் ஒரு வாசகி,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.